காற்றை எதிர்த்து வீசியவன்

தமிழ்த்துறை மலரில் மட்டைப்பந்துக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினவுவது முறையே. ஆயினும், ஒருவர் பெயருக்கு நேரே எழுதப்படும் எண் அவரைப் பற்றி எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்னும் கேள்வி நம் துறைக்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் 2381 என்றும், அவற்றைப் பாடிய புலவர் 473 பேர் என்றும் கணக்கிட்டுச் சொல்வது மரபு. அவற்றுள் கபிலர் பெயரில் மட்டும் 200க்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் பாடியதோ ஒரே பாடல். அவருடைய இயற்பெயரும் மறைந்து, பாடலில் வரும் உவமையே பெயராகிவிட்டது. எண்ணிக்கையைக் கொண்டு புலவர்க்கு வரிசை எழுதினால் கபிலர் தலைமையிடத்தில் இருப்பார். அதில் பிழை ஏதுமில்லை. செம்புலப்பெயல்நீரார் கடைக்கோடியில், ஒற்றைப் பாடல் பாடிய பலரோடு பலராக நிற்பார். அப்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாடநூற்குழு பாடல்களைத் தெரிவு செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

எனக்கு இக்கேள்வி இலக்கியத்தின் வழியே வரவில்லை. கிணத்துக்கடவில், பொட்டல் ஒன்றின் ஓரத்தில், வேப்ப மர நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்கோர் புத்தகம் எழுதியதன் வழியே வந்தது.

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ஊர். வெளியூரார்க்குத் தக்காளிச் சந்தையாலும், பொன்மலை வேலாயுதசுவாமி கோயிலாலும் அறிமுகமானது. ஊரில் வாழ்பவர்க்கு மூன்றாவதாக ஓர் அடையாளமும் உண்டு: காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டுக்கு அருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அக்கணவாயில் நுழைந்து நெருங்கி, வேகம் கூடி, எங்கள் பக்கத்துச் சமவெளியில் வந்து பாய்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்னை மட்டைகள் ஒரே திசையில் சாய்ந்து நிற்பதைக் காணலாம். அக்காற்றை நம்பித்தான் பின்னாளில் உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகளை நட்டார்கள். அதற்கு முன்பே அதன் பலத்தை அறிந்தவர்கள் எங்கள் ஊர்ப் பந்துவீச்சாளர்கள்.

ஆடுகளம் பொதுவாக வடக்கு தெற்காக அமைய வேண்டும். மாலை வெயில் மட்டையாளரின் கண்ணில் விழாதிருப்பதற்காக. எங்களுக்குக் கிடைத்த நிலம் நீள்சதுரம். ஆதலால் களம் கிழக்கு மேற்காக அமைந்தது. தேங்காய் நார் விரிப்பை இழுத்துக் கட்டி, முனைகளில் ஆணியடித்து ஆடுவோம். மேற்கு முனையிலிருந்து வீசுபவனைக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். கிழக்கு முனையிலிருந்து ஓடிவருபவன், பந்தைக் கைவிடுவதற்கு முன்பே பாதி வலிமையை இழந்திருப்பான்.

நான் ஆடத் தெரியாதவன். கையெழுத்துத் திருத்தமாக இருக்கும் என்ற ஒரே தகுதியால் ஸ்கோர் புத்தகம் என்னிடம் வந்தது. அதன் இலக்கணம் எளிது. ஓட்டம் கொடாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓட்டம் கொடுத்தால் அந்த எண். ஆறு பந்தும் புள்ளியாகவே முடிந்தால், அப்புள்ளிகளைக் கோட்டால் இணைத்து ஆங்கில எம் எழுத்தாக்கிவிட வேண்டும். அது மெய்டன் ஓவர். ஆட்ட முடிவில் ஒவ்வொரு வீச்சாளனும் நான்கு எண்களாகச் சுருங்கிவிடுவான்: ஓவர், மெய்டன், ஓட்டம், விக்கெட்.

அந்நாளில் எங்கள் அணியில் மிதவேக வீச்சாளர் இருவர். ஒருவன் நெடியவன், வேகமும் மிகுதி. மற்றவன் அவனைக் காட்டிலும் இளையவன், நடுத்தர உயரம். தந்தைக்குத் தக்காளி மண்டியில் எடைபோடும் வேலை. அணித்தலைவன் முனைகளைப் பிரித்துக் கொடுக்கும் முன்பே இளையவன் கிழக்கு முனைக்கு நடந்து போயிருப்பான். ஒருநாள் இதைப்பற்றிக் கேட்டேன்.

“காத்துக்கு எதுத்தாப்புல நானே போட்டுக்கறனுங்கண்ணா. அவன் வேகமாப் போடறவன், அந்தப் பக்கம் அவனுக்குத்தான் குடுக்கோணும்” என்றான். அதற்குமேல் அதனை அவன் பேச்சாக்கியதில்லை.

அவன் பக்கத்துக் கட்டங்களில் புள்ளிகள் நிறைந்தன. எம் எழுத்துகள் வரிசையாக விழுந்தன. மட்டையாளர்கள் அவனை அடிக்க முயல்வதில்லை; அடித்தால் காற்றின் துணையோடு எல்லைக்குப் போகும் என்பது தெரிந்திருந்தும், அவன் அடிப்பதற்குரிய இடத்தில் பந்தைப் போடுவதில்லை. ஓட்டம் வராத தவிப்பை அவர்கள் மறுமுனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மட்டையைச் சுழற்றினார்கள். நெடியவனுக்கு விக்கெட்டுகள் வந்தன. ஆண்டு முடிவில் இளையவன் பெயரில் இருந்த விக்கெட்டுகள் நெடியவனுடையதில் பாதிக்கும் குறைவு.

மாவட்ட அளவில் ஒரு தேர்வு நடந்தது. அதற்குரிய படிவத்தில் ஆட்டங்கள், விக்கெட்டுகள், சராசரி என்று மூன்றே கட்டங்கள். சராசரி என்பது கொடுத்த ஓட்டங்களை வீழ்த்திய விக்கெட்டுகளால் வகுத்து வருவது. வகுக்கும் எண் சிறியதாயின், எத்துணைச் சிக்கனமாக வீசியிருந்தாலும் ஈவு பெரிதாகும். நெடியவன் அழைக்கப்பட்டான்; அதன் பயனாக ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் பெற்றான். அவன் அதற்கு முற்றிலும் தகுதியுடையவனே. இளையவன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு தந்தையோடு மண்டிக்குப் போனான். தேர்வாளர்களை நொந்து பயனில்லை. அவர்கள் முன் இருந்தது காகிதம். காகிதத்தில் காற்றுக்குக் கட்டம் இல்லை.

இது ஒரு சிற்றூர்க் கதை என்று தள்ளிவிட முடியாதபடி, இதே கணக்கு சென்னையில் உலகறிய எழுதப்பட்டிருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இங்கிலாந்து அணிக்கு எதிராக நேரு விளையாட்டரங்கில் நடந்த டெஸ்டில், இடக்கைச் சுழல் வீச்சாளர் பாபு நட்கர்ணி முதல் இன்னிங்ஸில் 32 ஓவர்கள் வீசினார். அவற்றுள் 27 மெய்டன். கொடுத்த ஓட்டம் 5. விக்கெட் ஒன்றுமில்லை. இடையே தொடர்ந்து 21 ஓவர்கள் மெய்டன்களாகவே கழிந்தன. 131 பந்துகளில் எவரும் ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. அதே இன்னிங்ஸில் சந்து போர்டே 88 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகள் வீழ்த்தினார். விக்கெட் கட்டத்தை மட்டும் பார்ப்பவர்க்கு அன்றைய வீரர் போர்டே. நட்கர்ணியின் பெயருக்கு நேரே ஒரு சுழியம்.

நட்கர்ணி வலைப்பயிற்சியில் களத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அதன் மேலேயே பந்து விழும்படி மீண்டும் மீண்டும் வீசிப் பழகினார் என்று கூறுவர். 41 டெஸ்டுகளில் அவர் வீழ்த்தியவை 88 விக்கெட்டுகள். ஓவருக்கு அவர் கொடுத்த ஓட்டம் சராசரியாக 1.67. இந்த இரண்டாம் எண்ணை அறிந்தவர் மிகச் சிலர்.

ஆனால் நட்கர்ணியின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிடவும் மனம் ஒப்பவில்லை. அந்த டெஸ்டில் இங்கிலாந்து அணியினர் பலர் உடல்நலம் குன்றிக் கிடந்தனர். களத்தில் நின்றவர்களுக்கு ஓட்டம் சேர்ப்பதைவிட ஆட்டமிழக்காதிருப்பதே தலையாய கடமை. அடிக்க விரும்பாத ஒருவருக்கு வீசப்படும் மெய்டனும், அடிக்கத் துடிப்பவரைக் கட்டிப்போடும் மெய்டனும் கணக்கேட்டில் ஒரே எம் எழுத்தாகத்தான் விழுகின்றன. ஆக, அந்த 27இலும் மட்டையாளரின் பங்கு கலந்திருக்கிறது. சுழியத்தில் மட்டுமே பிறர் கை இருக்கிறது, சிக்கனத்தில் இல்லை என்று வாதிடுவது நடுநிலையாகாது.

சராசரி என்னும் அளவுகோலின் போக்கைச் சிறிது பார்க்கலாம். டான் பிராட்மனின் 99.94 என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த எண். 80 இன்னிங்ஸ்களில் 6996 ஓட்டங்கள். 10 முறை ஆட்டமிழக்கவில்லை. ஆகவே 70ஆல் வகுக்கிறோம். 1948இல் ஓவல் திடலில் இறுதியாகக் களமிறங்கியபோது 4 ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி சரியாக 100 ஆகியிருக்கும், சுழியத்தில் வெளியேறினார். அந்த நான்கு ஓட்டங்களுக்காக உலகம் இன்றுவரை பெருமூச்செறிகிறது. அவருடைய ஆட்டத்தின் தரத்தில் அதனால் ஓர் அணுவும் குறையவில்லை. வகுத்தலின் விந்தையை வேறொரு பக்கமிருந்து காட்டியவர் தென்னாப்பிரிக்காவின் லான்ஸ் குளூஸ்னர். 1999 உலகக் கோப்பையில் 8 இன்னிங்ஸ்களில் 281 ஓட்டங்கள். ஆறு முறை ஆட்டமிழக்கவில்லை. எனவே சராசரி 140.50. ஒருமுறையேனும் 140 ஓட்டங்கள் எடுத்தாரா என்றால், இல்லை. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து, முடியும்வரை நின்றவர் அவர் என்பதைத்தான் அந்த எண் தன் பாஷையில் சொல்கிறது. அந்தப் பாஷை தெரியாதவர்க்கு அது பிராட்மனை மிஞ்சிய ஒருவர் கதையாகத் தோன்றும்.

சேப்பாக்கத்துக்கு வருவோம். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்திய அணி முதல் இன்னிங்ஸில் 190 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஆண்டி ராபர்ட்ஸ் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அந்த 190இல் 97 ஓட்டங்கள் குண்டப்பா விசுவநாத் ஒருவருடையவை; கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. மறுமுனையில் துணை நிற்க ஆளில்லாமையால் சதம் கைகூடவில்லை. இந்தியா அந்த டெஸ்டை 100 ஓட்டங்களில் வென்றது. சதங்களின் பட்டியலில் இந்த ஆட்டத்துக்கு இடமில்லை. அன்று நேரில் கண்ட மூத்தவர்களிடம் சேப்பாக்கத்தின் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால், சதமடித்த எவரையும் விட்டு இந்த 97ஐத்தான் முதலில் சொல்வார்கள். எனக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர் ஒருவர், வகுப்பில் பேச்சு மட்டைப்பந்தின் பக்கம் திரும்பிவிட்டால் மணி அடிக்கும்வரை விசுவநாத்தின் சதுரவெட்டைப் பற்றியே பேசுவார். பாடம் நின்றதில் எங்களுக்கும் வருத்தமில்லை.

அதே திடலில் 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அறிமுக டெஸ்டில் இதனினும் சிறந்த வீச்சு இதுவரை பதிவானதில்லை. களம் பந்தை வெகுவாகத் திருப்பியது. எதிரணியினர் இறங்கி வந்து அடிக்க முனைந்தனர். விக்கெட் காப்பாளர் கிரண் மோரே அந்த டெஸ்டில் 6 பேரை ஸ்டம்பிங் செய்தார். அவர்களுள் 5 பேர் இரண்டாம் இன்னிங்ஸில். இவையும் சாதனைகளாகவே நிற்கின்றன. ஹிர்வானியின் முதல் 4 டெஸ்டுகளில் 36 விக்கெட்டுகள் விழுந்தன. பிறகு ஆடிய 13 டெஸ்டுகளில் 30 மட்டுமே. அந்தப் பதினாறைக் களம், காப்பாளர், எதிரணியின் அவசரம், ஹிர்வானியின் விரல்கள் என்று பங்கிட்டுக் கொடுக்க எந்தக் கணக்கேட்டிலும் வழியில்லை. மொத்தத்தையும் ஒரு பெயரில் எழுதிவிடுகிறோம். எழுபதுகளில் நம் சுழல் வீச்சாளர்கள் குவித்த விக்கெட்டுகளுக்கும் இது பொருந்தும். மட்டையாளரின் மூக்கு நுனியில், தலைக்கவசமின்றி நின்று 27 டெஸ்டுகளில் 53 பந்துகளைப் பிடித்தவர் ஏக்நாத் சோல்கர். அவர் பிடித்தவை வீச்சாளர்களின் சராசரிகளுக்குள் சத்தமின்றிக் கரைந்திருக்கின்றன.

இந்தப் பங்கீட்டுச் சிக்கலோடு மிக நீண்ட காலம் மல்லுக்கட்டியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய கணக்குப் பித்துக்கும் மூலம் மட்டைப்பந்துதான். இங்கிலாந்தில் பிறந்து புரூக்ளினில் குடியேறிய ஹென்றி சாட்விக் என்னும் பத்திரிகையாளர் முதலில் எழுதியது மட்டைப்பந்து ஆட்டச் செய்திகளை. பின்னர் பேஸ்பால் பக்கம் திரும்பி, ஆட்டத்தைக் கட்டங்களாக்கி அச்சிடும் முறையை அங்கே அவரே பரப்பினார். எதனைக் கட்டமாக்குவது, எதனை விடுவது என்பதை அவருடைய விருப்பு வெறுப்பே பெரிதும் தீர்மானித்தது.

அமெரிக்கக் காற்பந்து நம்மவர்க்கு அவ்வளவாகத் தெரியாத ஆட்டம். பெயரில் காலிருந்தும் பெரும்பாலும் கையால் ஆடுவது. பக்கத்துக்குப் பதினொருவர். நடுநாயகமாக நிற்பவர் குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்தவுடன், முன்னே ஓடும் தோழர்களுள் ஒருவர்க்கு எறிய வேண்டும். அதற்குள் எதிரணியினர் அவரை வீழ்த்திவிடாதபடி ஐந்து பருத்த உடலினர் அரண்போல் நின்று காப்பார்கள். எறியும் கணம் இவருடையது. காத்தவர் வேறு. ஓடிப் பிடிப்பவர் வேறு. எந்த ஆட்டத்தை ஆடுவது என்று அரங்கின் ஓரத்திலிருந்து கட்டளையிடும் பயிற்சியாளர் வேறு.

இவரை எப்படி மதிப்பிடுவது? தொடக்கக் காலத்தில் மொத்தம் எத்தனை கஜ தூரம் எறிந்தார் என்று பார்த்தார்கள். பிறகு நூற்றுக்கு எத்தனை எறிதல்கள் பிடிக்கப்பட்டன என்று பார்த்தார்கள். அளவுகோல் அடிக்கடி மாறியது. 1971இல் ஒரு குழு அமைந்து, 1973 முதல் ஒரே சூத்திரம் நடைமுறைக்கு வந்தது. பிடிக்கப்பட்ட விழுக்காடு, எறிதலுக்குக் கிடைத்த தூரம், கோல் எல்லையை எட்டிய எறிதல்கள், எதிரணியிடம் சிக்கியவை ஆகிய நான்கையும் தனித்தனியே மதிப்பெண்ணாக்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு 2.375. நான்கையும் கூட்டி, 6ஆல் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். ஆதலால் முழு மதிப்பெண் 158.3 என்னும் விசித்திரமான எண்ணாக நிற்கிறது. நூற்றுக்கு நூறு என்று பழகிய நம் மாணவர்க்கு இது சிரிப்பூட்டலாம்.

சூத்திரம் நேர்மையானது, எல்லோர்க்கும் ஒன்றே. அது பார்க்கும் இடத்தில்தான் வினா எழுகிறது. அழகாக எறிந்த பந்தைத் தோழர் கைநழுவ விட்டால், தவறிய எறிதல் என்று இவர் பெயரில் எழுதுவார்கள். அருகில் நின்றவர்க்கு இவர் மெல்லத் தள்ளிவிட்ட பந்தை அவர் எழுபது கஜம் ஓடிச்சென்று சேர்த்தால், அந்த எழுபதும் இவர் கணக்கில் சேரும். தோழரின் கையில் பட்டுத் தெறித்து எதிரியிடம் போனால் பழி இவருக்கு. அரண் சிதைந்து, எறிவதற்கு முன்பே இவர் வீழ்த்தப்பட்டால், சூத்திரம் அதனைக் காண்பதே இல்லை. நேரத்தை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே தரையில் குத்தும் பந்தும் தவறிய எறிதலே. மறுமுனையில் நிகழ்ந்தவை யாவும் ஒருவர் தலையில் வந்து அமர்கின்றன.

இதில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. வெர்ஜில் கார்ட்டர் என்பவர் சின்சினாட்டி அணியின் குவார்ட்டர்பேக். அவரும் ராபர்ட் மக்கோல் என்னும் பேராசிரியரும் சேர்ந்து 1971இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். திடலின் எந்த இடத்தில் பந்து இருந்தால் அணிக்கு எத்தனை புள்ளி கிடைக்க வாய்ப்புண்டு என்று ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைத் தொகுத்துக் கணித்தார்கள். சொந்தக் கோட்டின் அருகே சிக்கிக் கிடக்கும்போது முன்னேறும் பத்துக் கஜமும், எதிரியின் வாயிலருகே முன்னேறும் பத்துக் கஜமும் ஒரே மதிப்புடையவை அல்ல என்பது அதனால் எண்ணாகவே தெரிந்தது. எண்ணால் அளக்கப்படுபவரே எண்ணைத் திருத்த உட்கார்ந்தார் என்பது எனக்கு உவகை அளிப்பது. களத்தில் நின்று உதைபட்டவருக்குத்தான் கட்டத்தில் எது விடுபட்டது என்பது தெரியும்போலும். அவர்கள் போட்ட பாதையில் பின்னாளில் பல அளவைகள் வந்தன. 2011இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அறிமுகப்படுத்திய மதிப்பீடு, ஒவ்வோர் ஆட்டத்தின் பயனையும் எறிந்தவர், பிடித்தவர், காத்தவர் என்று பங்கிட முயல்கிறது.

மண்டியில் இதனை நாள்தோறும் செய்கிறார்கள். தக்காளியைப் பெட்டியோடு தராசில் ஏற்றிப் பெட்டியின் எடையைக் கழிப்பார்கள். ஆனால் காலிப் பெட்டியைத் தனியே நிறுக்க முடியும். அரண் இல்லாத குவார்ட்டர்பேக்கை, களமில்லாத ஹிர்வானியை, காற்றில்லாத கிணத்துக்கடவை எந்தத் தராசில் ஏற்றுவது? ஒரே ஆட்டக்காரர் வேறு தோழர்களோடு, வேறு களங்களில், வேறு எதிரிகளோடு பலமுறை ஆடியதை அருகருகே வைத்து ஒப்பிட்டு, உத்தேசமாகக் கழிப்பதுதான் புள்ளியியலார் கண்ட வழி. அதற்கு நிகழ்வுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆடும் சிற்றூர் அணிக்கு அந்த வழி அடைபட்டதே.

கொங்கு மண்ணுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன் 2020 ஐ.பி.எல். தொடரில் ஐதராபாத் அணிக்காக 16 விக்கெட்டுகள் எடுத்தார். அந்த எண் அவரைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஓவருக்கு எட்டு ஓட்டங்கள் கொடுத்தார் என்பதும் தனியே பார்க்கையில் மலைப்பூட்டுவதன்று. ஆனால் அவர் வீசியது பெரும்பாலும் கடைசி ஓவர்களில். எதிரணி எதற்கும் துணிந்து மட்டையைச் சுழற்றும் நேரத்தில். மட்டையாளரின் கால்விரலருகே விழும் யார்க்கர்களை அடுக்கடுக்காக வீசினார். பழைய கணக்கேட்டில் யார்க்கருக்குக் கட்டமில்லை. ஓட்டம் வராவிட்டால் வெறும் புள்ளி, வந்தால் ஒன்று. ஒளிப்படக் கருவிகள் பந்து விழும் இடத்தைக் குறிக்கத் தொடங்கியபின், யார் எத்தனை யார்க்கர் வீசினார் என்பதையே தனியாக எண்ணிச் சொன்னார்கள். நாடே அவரை யார்க்கர் நடராஜன் என்று அழைத்தது. வலைப்பயிற்சி வீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், அதே பயணத்தில் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். புதிய கட்டம் ஒன்று ஒரு மனிதரின் வாழ்வில் என்ன செய்யக்கூடும் என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான சான்று நானறியேன்.

மட்டையின் விளிம்பில் பட்ட பந்துகள், மட்டையை ஏமாற்றிச் சென்ற பந்துகள் ஆகியவற்றையும் இப்போது எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை அந்நாளில் இருந்திருந்தால், எங்கள் இளையவனின் படிவம் வேறுவிதமாக இருந்திருக்கும். அதற்குக் கருவி வேண்டியதில்லை, கண் போதும். அந்தத் தேர்வு நடந்த ஆண்டு முதல், ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு வீச்சாளன் பெயருக்கு மேலும், ஓவர் எந்த முனையிலிருந்து வீசப்பட்டது என்பதற்கு ஓர் அம்புக்குறி இடத் தொடங்கினேன். மட்டை ஏமாந்த பந்தின் புள்ளிக்கு ஒரு வட்டம். பக்கத்து ஊர் அணியின் கணக்கர், “இதெல்லாம் எதுக்குங்க? கடேசீல யாரு பாக்கப் போறாங்க?” என்று கேட்பார். பார்ப்பவர் இல்லை என்பது உண்மைதான். மூன்று பருவங்கள் கழித்து அவற்றைக் கூட்டிப் பார்த்தேன். மேற்கு முனையில் விழுந்த விக்கெட்டுகள், யார் வீசினாலும், கிழக்கைவிடத் தெளிவாக மிகுதி. கிழக்கு முனையின் வட்டங்களோ அதற்கு இளைத்தவை அல்ல.

இளையவர் இப்போது மண்டியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் எந்நேரமும் ஒரு சிறிய தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் ஐந்து விக்கெட் எடுத்தார் என்று சொன்னால், “அந்தப் பக்கம் யாருங்கண்ணா போட்டது?” என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். அந்தப் புத்தகங்களை ஒருமுறை அவரிடம் காட்டினேன். அம்புக்குறிகளை விரலால் தடவிப் பார்த்தார். “இப்பத்தான் பாக்கறனுங்க” என்றார். பெட்டி இறக்க வண்டி வந்துவிட்டது, எழுந்து போனார்.

இன்று எங்கள் திடலில் ஸ்கோர் புத்தகம் இல்லை. பையன்கள் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். வரைபடங்களும் வண்ணங்களுமாக எல்லாம் உடனுக்குடன் வந்துவிடுகின்றன. அம்புக்குறி இட அதில் வசதியில்லை. கணக்குப் பார்க்கும் மாணவன் ஒருவன் இதற்கு ஒரு தந்திரம் கண்டான். முதன்மை வீச்சாளனின் பெயரை இரண்டு முறை ஏற்றி, ஒன்றன் பின்னால் ‘கி’ என்றும் மற்றொன்றன் பின்னால் ‘மே’ என்றும் சேர்த்துவிட்டான். முனை மாறும்போதெல்லாம் பெயரை மாற்றிக்கொள்வான். பருவ முடிவில் இரு முனைக் கணக்கும் தனித்தனியே துல்லியமாகக் கிடைத்தன. செயலியோ அவனை இரண்டு ஆட்டக்காரர்களாகக் கருதி, சிறந்த வீச்சாளர் பட்டியலில் ஒருவனை நான்காம் இடத்திலும் மற்றவனை ஏழாம் இடத்திலும் வைத்தது. பையன்கள் அதனை அச்செடுத்து, பேனாவால் இரண்டு பெயர்களையும் இணைத்து ஒரு வளைகோடு போட்டு, கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.